பூச்சியம் நிற்கும் இடம்

வழி சொல்வோர் எவரும் முதலில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே பேசத் தொடங்குகின்றனர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டமொன்றில் ஒரு வீட்டைத் தேடிச் செல்பவருக்கு, "தொழிற்சாலையைத் தாண்டி, கோயிலுக்கு மேலே, மூன்றாவது லயம்" என்ற விடையே கிடைக்கும். மேற்கணக்கில் உள்ளவர் ஒரு கோயிலையும், கீழ்க்கணக்கில் உள்ளவர் மற்றொரு கோயிலையும் மனத்திற் கொண்டால், வழி சரியாகச் சொல்லப்பட்டும் வந்தவர் வேறொரு வாசலிற் போய் நிற்பார்.

கணினியில் வீட்டுப் படம் வரையும் மென்பொருளிலும் இதுவே நிகழ்கிறது. அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என ஆள்கூறுகள் உண்டு. அவை எங்கிருந்து அளக்கப்பட்டன? கணித நூல்கள் உற்பத்தி என்று கூறும் பூச்சியப் புள்ளியிலிருந்து. கட்டடக் கலைஞர் தம் வசதிக்காக வீட்டின் ஒரு மூலையையே பூச்சியமாகக் கொள்வார். நில அளவையாளரோ நாடு முழுவதற்கும் பொதுவான அளவை முறையைக் கொள்வார். இருவர் கணக்கும் சரியே. ஆனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பொருந்தா.

இலங்கைக்குப் பொதுவான ஆதாரம் 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையாகும். ஆயினும் அம்மலைக்குப் பூச்சியம் என்ற எண் வழங்கப்படவில்லை. இரத்தினபுரி நகர் அம்மலைக்கு மேற்கே ஏறத்தாழ 41 கிலோமீற்றரும், தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரும் தள்ளி இருக்கிறது. மலையையே பூச்சியமாகக் கொண்டால் இரத்தினபுரியின் இரு எண்களும் மறை எண்களாகிவிடும். இத்தொல்லையைத் தவிர்க்கவே, கந்தவளையை அடிப்படையாகக் கொண்ட பழைய முறையில் மலைக்குக் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று எண் இட்டனர். 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் அவை 500,000 ஆயின. அதன்படி இரத்தினபுரி, கிழக்கு 459,000, வடக்கு 465,000 மீற்றர் அளவில் அமைகிறது. உண்மையான பூச்சியம் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் எங்கோ கிடக்கிறது!

இவ்வளவு பெரிய எண்களைச் சில மென்பொருள்கள் தாங்குவதில்லை. ரெவிட் என்னும் மென்பொருளில், உள் உற்பத்தியிலிருந்து 16 கிலோமீற்றருக்குள்ளேயே கட்டடம் வரையப்பட வேண்டும். ஆகவே வீடு அருகில் வரையப்படும். நாட்டு அளவையோடு அதனை இணைப்பதற்கு அளவைப் புள்ளி என்ற தனிக்குறி உண்டு. இதனை அறியாதவர், நில அளவைப் படத்தைப் பூச்சியத்தருகே இழுத்துவந்து வைத்துவிடுகிறார். அக்கணமே படத்துக்கும் மண்ணுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது.

பழைய முறையையும் புதிய முறையையும் கலந்தால் இரு திசையிலும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் பிழை எழும். அது கண்ணுக்கு உடனே தெரியும், திருத்திவிடலாம். சில மீற்றர்ப் பிழையே அஞ்சத்தக்கது. தோட்ட வீடமைப்பில் வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி, சுமார் 177 சதுர மீற்றர். சதுரமாயின் பக்கம் 13 மீற்றர் அளவே. இங்கே பத்து மீற்றர் விலகினால், வீட்டின் பெரும்பகுதி அடுத்த குடும்பத்தின் காணியில் விழும்.

காணித் தகராற்றினும் கொடியது மலைச்சரிவு. 2016 மே மாதம் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, பல உயிர்களைக் கொண்டது. அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கி வைத்திருக்கிறது. வீட்டுப் படத்தின் உற்பத்தி பிழைபட்டால், சரிவில் அமையும் வீடு திரையிலே பாதுகாப்பான இடத்தில் நிற்பதாகத் தோன்றும். மழை திரையைப் பார்த்துப் பெய்வதில்லை.

பரிகாரம் எளியது. எந்த அளவை முறை, எந்த ஆண்டினது என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதுதல் வேண்டும். எல்லைக் கற்களில் ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டின் ஆள்கூறுகளையும் குறித்தல் வேண்டும். படங்களை இணைத்தபின் அவ்விரு கற்களும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு கல் மாத்திரம் பொருந்தினாற் போதாது. படம் அதனைச் சுற்றித் திரும்பியிருக்கலாம். இரண்டும் பொருந்தினால், இடமும் திசையும் அளவும் ஒருங்கே பொருந்தின எனக் கொள்ளலாம். அதன் பின்னரே அத்திவாரம் வெட்டத் தகும்.