கோப்பையா? ஊர்ப்பாசமா?



"ஒரு விளையாட்டு அணியை வாழவைப்பது வெற்றியே" என்று எதிரணி நண்பர் அடிச்சுப் பேசிட்டு உட்கார்ந்திருக்கார். ஜெயிச்சு வந்தாத்தான் சோறுன்னு எந்தத் தாயாவது சொல்லுவாளா? (சிரிப்பு)

சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கால்பந்து அணி. 2019 மார்ச் மாதம், ஐ லீக் கடைசி ஆட்டம். பஞ்சாப் அணி முதல் கோலைப் போட்டுடுச்சு. ஒரே ஒரு புள்ளி பின்னால ஈஸ்ட் பெங்கால் துரத்திக்கிட்டு வருது. அப்படியும் நம்மாளுங்க 3–1 என்று ஜெயிச்சு சாம்பியன் ஆனாங்க!

நண்பரே, கோப்பை வந்தாச்சு. அணி எங்கே? அந்த வருஷமே ஐ.எஸ்.எல்.தான் முதல் படி, ஐ லீக் இரண்டாம் படி என்று ஆகிப்போச்சு. சாம்பியனை யாரும் மேலே ஏத்தலை. 2021க்குப் பிறகு ஐ லீகிலேயே அந்தப் பேர் இல்லை! பேர்ல சென்னை, ஜெயிச்சது கோயம்புத்தூர் மைதானத்துல. எந்த ஊர் உரிமையோட அழும்?

இப்போ தென்கொரியாவுக்கு வாங்க. சியோல் பக்கத்துல அன்யாங் என்று ஒரு ஊர். அந்த ஊர் அணியை நடத்தின கம்பெனி, 2004ல அதை சியோலுக்குக் கொண்டு போயிடுச்சு. ரசிகர்கள் சும்மா இருந்தாங்களா? எங்க ஊருக்கு ஒரு அணி வேணும்னு நின்னாங்க. 2013ல நகராட்சி கைகொடுக்க, புது அணி பிறந்தது. ஆடினது இரண்டாம் டிவிஷன். பதினோரு சீசன், லீக் கோப்பை கிடையாது! பன்னிரண்டாவது சீசன், 2024ல, சாம்பியன் ஆகி மேலே போனாங்க. 2025ல, பிரிஞ்சு போன அதே சியோல் அணியோட ஒரே லீகில் சமமா நின்னு மோதினாங்க! (கைதட்டல்)

அந்தப் பதினோரு வருஷம் அந்த அணிக்குச் சோறு போட்டது எது? கோப்பையா?

நம்ம வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க் காப்பு. அந்த எண்ணெய் கிணத்துல சேருது. ஒருநாள் ஊத்தின எண்ணெயா அது? கோப்பை, ஒருநாள் ஏத்தற விளக்கு. அது அணையாம எரிய ஊர்தான் தினமும் எண்ணெய் ஊத்தணும்.

நாளைக்கு நம்ம ஊர்ப் பையன்கள் பந்து உதைச்சா, தோத்தாலும் நாலு பேர் போய் நில்லுங்க. நடுவர் அவர்களே, அணியை வாழவைப்பது ஊர்ப்பாசமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)