நீலக்கல் தோடு: செய்வதும் காப்பதும்

(மகளிர் கைத்தொழில் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும் மேடையிலே கிணறு, விதை, எரு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அத்தகைய மேடையில் நாம் காதணியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் சிற்றூர்களிலே பெரும்பாலான குடும்பங்களில் நிலம் ஆடவர் பேரில் இருக்கிறது, வீடும் அவ்வாறே. பெண்ணுக்கென்று தாய்வீட்டிலிருந்து வந்து, அவள் உடலோடு ஒட்டி நிற்கும் சொத்து காதிலே கிடக்கும் தோடுதான். விதைப்புக்குப் பணம் இல்லாத நாளிலும், பிள்ளையின் படிப்புக்குக் கட்டணம் செலுத்தும் நாளிலும் முதலில் கழல்வது அதுவே. ஆகவே தோட்டைப் பற்றிய அறிவு என்பது அலங்காரத்தைப் பற்றிய அறிவு மட்டுமன்று. குடும்பத்தின் சேமிப்பைப் பற்றிய அறிவும் ஆகும்.

தோடுகளிலே நீலக்கல் தோட்டை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஒன்பது மணிகளுள் நீலத்தைப் போல் மக்கள் விரும்புவதும் இல்லை. நீலத்தைப் போல் அஞ்சுவதும் இல்லை. விருப்பமும் அச்சமும் ஒருங்கே கூடும் இடத்தில் ஏமாற்று எளிதில் நுழைந்துவிடும்.

முதலில் நீலம் என்பது யாது என்று காண்போம். நம் தெருக்களிலே கத்திக்கும் அரிவாளுக்கும் சாணை பிடித்துக் கொடுப்பவரை நீங்கள் அறிவீர்கள். நம் முன்னோர் குருந்தக்கல்லைப் பொடித்து, அரக்கோடு கலந்து அமைத்த சக்கரமே சாணைக்கல். அந்தக் குருந்தமும் காதிலே ஒளிரும் நீலமும் ஒரே இனம் என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மை அதுவே. அலுமினியமும் உயிர்வளியும் கூடி உண்டான கனிமம் குருந்தம். அதிலே இரும்பும் டைட்டானியமும் மிகச் சிறிய அளவில் கலந்து, கல்லும் தெளிந்து அமைந்தால் அது நீலம். குரோமியம் கலந்து சிவந்தால் மாணிக்கம். ஒளி புகாமல் மங்கிக் கிடந்தால் சாணைக்கு உதவும் கல். ஆங்கிலத்தார் இக்கனிமத்தைக் 'கொரண்டம்' என்று அழைப்பதும் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து பிறந்ததே என்பர் மொழிநூலார்.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்துவர். வைரம் 10, குருந்தம் 9. ஆதலால் நீலம் எளிதில் கீறல் படாது. தலைமுறை தலைமுறையாக அணிந்தாலும் பட்டைகள் மழுங்காமல் நிற்பதன் காரணம் இதுவே.

நீலத்திற்குப் பெயர்பெற்ற இடங்களுள் நமக்கு மிக அண்மையில் இருப்பது இலங்கையின் இரத்தினபுரி. அங்கே வயல்களிலும் ஆற்றோரங்களிலும் குழி தோண்டி, மரச்சட்டங்களால் பக்கங்களைத் தாங்கச் செய்து, அடியிலுள்ள பரற்படிவை மேலே கொணர்ந்து, கூடைகளில் இட்டு நீரில் அலசிக் கல்லைப் பிரிக்கின்றனர். காசுமீரத்திலே பாடர் என்னும் மலைப்பகுதியில் 1881ஆம் ஆண்டையொட்டி நிலச்சரிவு ஒன்றினால் வெளிப்பட்ட நீலங்கள், வெல்வெட்டுத் துணி போன்ற மென்னிறத்தால் உலகப் புகழ் பெற்றன. இலங்கையில் பால்போல் வெளிறிய 'கெவுடா' என்னும் கற்களை ஒரு காலத்தில் மதிப்பார் இல்லை. 1970ஆம் ஆண்டுகளில், அவற்றை உலையில் மிகுந்த வெப்பத்தில் வைத்தால் நல்ல நீலநிறம் பெறும் என்று வணிகர் கண்டுகொண்டனர். இன்று கடைக்கு வரும் நீலங்களில் பெரும்பாலானவை வெப்பமூட்டப் பெற்றவையே. அது குற்றமன்று, அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம்.

இனி, கையால் தோடு செய்யும் முறையைப் பார்ப்போம். பத்தர் தங்கத்தை மூசையிலிட்டு, வெண்காரம் தூவி உருக்குகிறார். உருகிய தங்கத்தைக் கட்டியாக்கி, அடித்து அடித்து மெல்லிய தகடாக்குகிறார். கல்லின் அளவைப் பார்த்துத் தகட்டை வளைத்து, அது அமரும் கூட்டைச் செய்கிறார். பற்றாசு வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதிக் கூட்டையும் தண்டையும் ஒட்டுகிறார். பிறகு சாமணத்தால் கல்லை எடுத்துக் கூட்டில் அமர்த்தி, சுற்றியுள்ள தங்க விளிம்பைச் சிறிது சிறிதாகக் கல்லின்மேல் சாய்க்கிறார். கடைசியாகத் திருகாணி. அச்சில் ஒரே நாளில் ஆயிரம் தோடுகள் வார்க்கலாம். ஆனால் கல்லுக்கேற்றபடி கூடு அமைப்பது கை ஒன்றுக்கே இயலும். கையால் செய்த தோட்டை இருபது ஆண்டு கழித்தும் அதே பத்தரிடமோ அவர் மகனிடமோ கொண்டு சென்று பிரித்துச் செப்பனிடலாம்.

கட்டு இரு வகைப்படும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்புறம் திறந்த கட்டில் ஒளி கல்லை ஊடுருவிச் செல்லும். பின்புறம் மூடிய கட்டில், கல்லின் அடியில் மினுங்கும் மெல்லிய தகட்டை வைத்து, சில வேலைகளில் அரக்கும் நிரப்பியிருப்பார்கள். நம் பாட்டிமார் அணிந்த கல்தோடுகள் பல இவ்வகையின. காக்கும் முறை கட்டைப் பொறுத்தே அமையும் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

நிற்க. மண்ணிலிருந்து எடுத்த நீலத்தைப்போலவே மனிதன் ஆக்கிய நீலமும் உண்டு. வெர்னேய் என்னும் பிரெஞ்சு வேதியியலார், அலுமினாப் பொடியை 2,000 டிகிரிக்கு மேற்பட்ட சுடரினூடே விழச்செய்து மாணிக்கத்தை உண்டாக்கும் முறையை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில ஆண்டுகளில் நீலமும் அம்முறையில் உருவாயிற்று. இது கண்ணாடி அன்று, உண்மையான குருந்தமே. கடினமும் அதே 9. ஆகவே கீறிப் பார்த்தோ, நீரில் இட்டுப் பார்த்தோ இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. உருப்பெருக்கியின் கீழ் வளைந்த வரிகள் தென்படுகின்றனவா என்று பார்த்து ஆய்வுக்கூடத்தார் சொல்லுவர்.

திருச்சிராப்பள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழில் தலைமுறைகளாக வீட்டுத் திண்ணைகளிலே நடந்து வந்திருக்கிறது. கோலின் நுனியில் கல்லை அரக்கால் ஒட்டி, சுழலும் தட்டில் தேய்த்துத் தேய்த்து, கண்ணளவாலேயே பட்டை அமைக்கும் அந்தக் கைத்திறன் சிறிதன்று. இயந்திரத்தில் வெட்டிய கற்கள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து குவிந்தபின், பல குடும்பங்கள் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு கூலி தேடிச் சென்றன. எஞ்சியிருப்போர் பிழைக்க வழி என்ன? விலையிலே இயந்திரத்தோடு போட்டியிட நம்மால் இயலாது. நம்பிக்கையிலே போட்டியிடலாம். 'இது செயற்கை நீலம்; இன்னார் கையால் பட்டை தீட்டியது; இன்ன பத்தர் கட்டியது' என்று பெட்டியின்மேல் எழுதி விற்கும் பெண்ணிடம் வாங்குவோர் திரும்பி வருவர். இயற்கை என்று பொய் சொல்லி ஒருமுறை விற்பவரிடம் மறுமுறை யார் வருவர்? சிலம்பினுள் இருந்த பரல் மாணிக்கமா, முத்தா என்று உடைத்துப் பாராமல் தீர்ப்புச் சொன்னதன் விளைவை நம் காப்பியம் கூறுகிறது. மணியின் உண்மைப் பெயர் அத்தனை பெரிய செய்தி என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இப்போது அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவமணிகளுள் நீலத்தைச் சனிக்கு உரியதாக நம் நாட்டார் கொண்டனர். 'ஒத்துக்கொண்டால் உயர்த்தும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கெடுக்கும்' என்பது வழக்கு. பிற நாடுகளிலோ அதே கல்லுக்கு வேறு பொருள். ஐரோப்பாவில் அது வானத்தின் நிறம் என்று போற்றப்பட்டு, சமயத் தலைவர்களின் மோதிரத்தில் இடம்பெற்றது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டில் டயானாவின் திருமண உறுதி மோதிரமாக விளங்கியது 12 காரட் எடையுள்ள இலங்கை நீலமே. 2010ஆம் ஆண்டில் அதே மோதிரம் அவர் மகன் மணக்கவிருந்த பெண்ணின் கைக்குச் சென்றது. அமெரிக்காவில் அது செப்டம்பரில் பிறந்தோர்க்கு உரிய கல். கல் ஒன்று; பொருள் ஊருக்கு ஊர் வேறு. பொருளை ஏற்றியவர் மனிதர் என்பது இதனால் விளங்கும். அவரவர் நம்பிக்கையை நாம் பழிக்க வரவில்லை. அந்த நம்பிக்கையைப் பிறர் விலைபேச இடங்கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

நாம் நேரில் கண்ட செய்தி ஒன்றைச் சொல்வோம். ஒரு சிற்றூரிலே உழவர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் மாமியார் வழி வந்த நீலக்கல் தோட்டை அணிந்திருந்தார். ஓராண்டு கிணறு வற்றியது. உழவு மாடு ஒன்றும் இறந்தது. ஊருக்கு வந்த ஒருவர், 'எல்லாம் இந்தக் கல்லின் தோஷம். இன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்' என்றார். கல்லுக்கு விலையே இல்லை என்று கூறி, தங்கத்திற்கு மட்டும் கொஞ்சம் பணம் கொடுத்துத் தோட்டை எடுத்துச் சென்றவரும் அவரே. கிணற்றில் நீர் ஊறவில்லை. நாம் அவ்வம்மையாரைக் கண்டபோது, காதின் துளை மூடிவிடாதிருக்க ஈர்க்குச்சியைச் செருகியிருந்தார். 'தோடு போனதுகூடப் பெரிதில்லை ஐயா. பயந்து கொடுத்தேனே, அதுதான் மனத்தை அறுக்கிறது' என்றார். தோஷம் சொல்பவரும் வாங்குபவரும் ஒருவராய் இருந்தால், அங்கே கல்லைக் கழற்றாதீர்கள். நாலு நாள் பொறுத்து, வேறு இரு கடைகளில் மதிப்புக் கேளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தங்க நகைக்குத் தரமுத்திரை 2021ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருத்தல் வேண்டும். 22 காரட் தங்கத்துக்கு 916 என்ற எண் இருக்கும். ஆனால் அம்முத்திரை தங்கத்துக்குச் சான்றே அன்றிக் கல்லுக்குச் சான்றன்று. விலையுயர்ந்த இயற்கை நீலம் என்றால் இரத்தின ஆய்வுக்கூடத்தின் சான்றைத் தனியே கேளுங்கள்.

அடுத்தது எடை. கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் எடையைத் தனியே இரசீதில் எழுதச் சொல்லுங்கள். கல்லை நிறுக்கும் காரட் ஒன்று 0.2 கிராம். தோட்டுக்கு இரண்டு காரட் வீதம் ஒரு சோடியில் நான்கு காரட் கல் இருந்தால் 0.8 கிராம் ஆயிற்று. அது சவரனில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தங்கமாகக் கணக்கிட்டுவிட்டால் இழப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள்.

இறுதியாகக் காக்கும் முறை. நீலம் கடினமான கல்லாயினும் எண்ணெய்ப் பிசுக்கு அதை எளிதில் மங்கச் செய்யும். ஆகவே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தோட்டைக் கழற்றி வையுங்கள். திறந்த கட்டாயின் மாதம் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்போ, பூந்திக்கொட்டையின் நுரையோ கலந்து, மெல்லிய தூரிகையால் கல்லின் பின்புறத்தைத் துலக்குங்கள். பாத்திரத்தின் அடியில் துணி விரித்துச் செய்தல் நலம். சாக்கடை அருகே செய்தல் ஆகாது. மூடிய கட்டாயின் நீரில் ஊறவைக்கவே கூடாது. நீர் உட்புகுந்தால் அடித்தகடு கறுத்துக் கல் ஒளியிழக்கும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

பல்பொடி, சாம்பல், செங்கற்பொடி ஆகியவற்றால் தேய்ப்பது தங்கத்தைத் தேய்த்து விடும். எலுமிச்சைச் சாறும் புளியும் வேண்டா; பிளவுகளில் கண்ணாடி நிரப்பிய மலிவான நீலங்கள் இன்று வருகின்றன, அவற்றைப் புளிப்பு அரித்துவிடும். நெருப்பும் அவற்றுக்கு ஆகாது. ஆதலால் செப்பனிடக் கொடுக்கும்போது கல் எவ்வகை என்று பத்தரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். நீலத்தை முத்தோடும் பவளத்தோடும் ஒரே சிமிழில் வைக்காதீர்கள். கடினமான நீலம் அவற்றைக் கீறிவிடும். வைரம் நீலத்தைக் கீறும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் முடிந்து வையுங்கள். மாதந்தோறும் தோட்டைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கல் ஆடும் ஓசை கேட்டால் அன்றே பத்தரிடம் செல்லுங்கள். திருகாணியின் மரை தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். தோடு கனமாயின் மாட்டல் அணிந்தால் காது தொங்காது.

சகோதரிகளே! சாணைக்கல்லாகத் தேய்வதும் நீலமாக ஒளிர்வதும் ஒரே குருந்தம் என்று தொடக்கத்தில் சொன்னோம். அதைத் தோடாக்குவது கைத்திறன். அதற்கு விலை பெற்றுத் தருவது நாணயம். இப்பயிற்சியில் நீங்கள் முதன்முதலாகச் செய்யப்போகும் தோட்டைப் பெட்டியில் வைக்கும்போது, அதன் கல் எது, தங்கம் எத்தனை, கட்டு எவ்வகை என்று ஒரு சிறு சீட்டில் எழுதி வையுங்கள். அதை வாங்கும் பெண் தன் மகளுக்குத் தோட்டோடு அந்தச் சீட்டையும் கொடுப்பாள். என்றேனும் யாரேனும் வந்து அவளை அச்சுறுத்தினால், அந்தச் சீட்டு அவள் கையில் இருக்கும்.