சூரியனைப் படைத்தவரின் விழா



திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களில் இருக்கிறோம். சிறுமலைப் பக்கமிருந்து இறங்கும் மார்கழிப் பனியில் நம் தெருக்கள் நனைகின்றன. வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. குடிலுக்காகத் தட்டுகளில் தூவிய கேழ்வரகு முளைவிட்டிருக்கிறது.

இந்த நாள்களில் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். “ஸ்தோத்திரம் சாமி” என்றவர், கண் கலங்கியபடியே சொன்னார்: “எம் மகன் இந்த வருசம் ஸ்டார் கட்டக் கூடாதுங்கிறான் சாமி. டிசம்பர் இருபத்தஞ்சு சூரியனைக் கும்பிட்டவங்களோட திருநாளாம். போன்ல பாத்தானாம். அப்பனும் மகனும் பேசிக்கிறதில்ல. எங்க அம்மாச்சி காலத்துல இருந்து செஞ்சது எல்லாம் தப்பா சாமி?”

அந்த மகனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. உண்மையைத் தேடிக் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதிலைத் தர வேண்டும்.

இயேசு பிறந்த தேதியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதவில்லை. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் உயிர்ப்பு விழாவைக் கொண்டாடினார்கள். மறைசாட்சிகள் உயிர்நீத்த நாளையே அவர்களுடைய விண்ணகப் பிறந்தநாளாக நினைவுகூர்ந்தார்கள். கி.பி. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாள்காட்டி ஒன்று, டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்து பிறந்த நாளாகக் காட்டுகிறது. அதே நூல் அதே நாளை ‘வெல்லப்படாத கதிரவன்’ பிறந்த நாள் என்றும் குறிக்கிறது. 274ஆம் ஆண்டில் பேரரசர் அவுரேலியன் கதிரவனுக்கு உரோமையில் பெரிய கோவில் கட்டியவர். டிசம்பர் 17 முதல் உரோமையர் சாத்தூர்னாலியா என்ற விழாவை விருந்தும் பரிசுமாகக் கொண்டாடியதும் உண்மைதான்.

ஆனால் வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இயேசு கருவான நாளும் அவர் சிலுவையில் இறந்த நாளும் மார்ச் 25 என்ற மரபைப் புனித அகுஸ்தினார் குறிப்பிடுகிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணினால் டிசம்பர் 25 வருகிறது. இந்தக் கணக்கிலிருந்தே தேதி வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். கீழைத் திருச்சபைகள் சனவரி 6இல் கொண்டாடின. அர்மீனியத் திருச்சபை இன்றும் அப்படியே கொண்டாடுகிறது. ஆகவே, “சூரியன் திருநாளைத் திருடிக்கொண்டார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

சரி, அந்த நாள் முன்பு சூரியனுக்கு உரியதாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். திருச்சபை என்ன செய்தது? நாம் கொண்டாடுவது சூரியனை அல்ல, சூரியனைப் படைத்தவரை என்று அகுஸ்தினார் தம் மக்களுக்குப் போதித்தார். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை புனித பெரிய லியோ, புனித பேதுரு ஆலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள் சிலர் திரும்பி நின்று உதிக்கும் சூரியனை வணங்கியதைக் கண்டித்தார். தேதியை ஏற்றார்கள், வழிபாட்டை ஏற்கவில்லை. கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்பார்ந்தவர்களே, இதே கேள்வி நம் மண்ணிலும் எழுந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தே நொபிலி, தமிழும் வடமொழியும் கற்றார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு வாழ்ந்தார். திருமுழுக்குப் பெற்றவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம், அவை ஊர் வழக்கங்கள் என்றார். “இது பிற சமயம், இதை விடவே கூடாது” என்று உடன் உழைத்த குருக்களே எதிர்த்தார்கள். வழக்கு உரோமைக்குப் போனது. 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் தீர்ப்பு எழுதினார். மூடநம்பிக்கையை நீக்கிவிட்டு அந்த வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நாம் அடிக்கடி மறந்துவிடுவது அந்த மடலின் முடிவுப் பகுதியை. உயர் குலத்தார் என்று தங்களை எண்ணிக்கொள்ளும் கிறிஸ்தவர்கள், தாழ்ந்தவர் எனப்படும் தங்கள் சகோதரரை இகழக் கூடாது. சிறப்பாக, இறைவார்த்தையைக் கேட்கும்போதும் அருளடையாளங்களைப் பெறும்போதும் அந்த வேற்றுமை கூடவே கூடாது என்று திருத்தந்தை அதில் மன்றாடிக் கேட்டிருந்தார்.

நானூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சந்தனத்துக்குக் கிடைத்த அனுமதியை உடனே எடுத்துக்கொண்டோம். அந்த மன்றாட்டை என்ன செய்தோம்? நம் தமிழகத் திருச்சபையில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுந்த ஊர்கள் உண்டு. தேர் இந்தத் தெருவுக்குள் வரும், அந்தத் தெருவுக்குள் வராது என்ற வழக்குகள் உண்டு. அங்கெல்லாம் துணிந்து பேச வேண்டிய குருக்களாகிய நாமும், திருவிழா நல்லபடியாக நடந்தால் போதும் என்று வாய் மூடி இருந்த நாள்கள் உண்டு. இறைவன் நம்மை மன்னிப்பாராக.

மகனே, கேள். வாசலில் கோலமிட்டு அதில் பூசணிப்பூ வைப்பது இயேசுவுக்கு இடறல் இல்லை. முளைப்பாரி வளர்த்துப் பழகிய ஊரில் குடிலுக்குக் கேழ்வரகை முளைக்க விடுவதும் இடறல் இல்லை. 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமைக் காட்டியபோது, தம் ஊரார் கையில் இருந்ததைத்தான் எடுத்தார். மூடநம்பிக்கையோடு பிரிக்க முடியாமல் பிணைந்திராத மக்கள் வழக்கங்களைத் திருச்சபை பரிவோடு நோக்குகிறது என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்தது. ஆனால் உன் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: பிற வழிபாடு ஏதாவது இன்னும் நம் விழாவுக்குள் இருக்கிறதா? இருக்கிறது. அது நட்சத்திரத்தில் இல்லை. சாதியை வணங்கும் நெஞ்சில் இருக்கிறது. அதைத்தான் வாசலிலிருந்து அவிழ்த்தெறிய வேண்டும்.

பெத்லகேமில் முதல் செய்தியைக் கேட்டவர்கள், இரவில் வயல்வெளியில் கிடந்த இடையர்கள். அவர்களை எந்தத் தெரு என்று கேட்காமல் மரியாவும் யோசேப்பும் குழந்தையிடம் வரவிட்டார்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து குழந்தை இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்ய வரிசையில் நிற்போம். நமக்கு முன்னால் குனிந்து முத்தி செய்தவர் யார் என்று பார்த்துத் தயங்கும் மனம் நமக்குள் இருந்தால், அங்கேயே அந்தக் குழந்தையிடம் அதை ஒப்புக்கொடுப்போம்.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: “நட்சத்திரத்தைக் கட்டுங்கம்மா. ஆனா அதைக் கட்ட அப்பனும் மகனும் சேர்ந்து ஏணியைப் பிடிக்கட்டும். பலகாரத் தட்டு இதுவரைக்கும் போகாத வீடு ஒண்ணு இருக்குமே, அங்க முதல்ல போகட்டும்.”

பூட்டுக்குப் பேர் பெற்ற ஊர் நம் திண்டுக்கல். பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு இந்த ஆண்டும் ஆண்டவர் வருகிறார். சாவி நம் கையில்தான் இருக்கிறது.

செபிப்போமாக. நீதியின் கதிரவனாகிய ஆண்டவரே, எங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் உள்ள இருளை நீக்கியருளும். பிரிந்திருக்கும் தந்தையரையும் பிள்ளைகளையும் உம் குடிலின் முன் ஒன்றுசேர்த்தருளும். ஆமென்.