பேர்ச்சஸ் கணக்கில் போகும் நிலம்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

உங்களில் பலர் விவசாயமும் புவியியலும் படித்தவர்கள். நாளை கமநல சேவை நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ உங்களுக்கு ஒரு மேசை கிடைக்கும். காணி பற்றிய கோப்புகள் அந்த மேசைக்கு வரும். அதனால்தான் இன்று மாத்தளை மாவட்டத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதியும் திருகோணமலைக்குப் போகும் வீதியும் அந்த மாவட்டத்தின் தம்புள்ளையில் சந்திக்கின்றன. சுற்றியுள்ள ஊர்களில் குளத்தின் கீழ் வயல், மேட்டில் சேனை. சேனையில் குரக்கன், சோளம், எள்ளு, பயறு, பூசணி எல்லாம் கலந்து நிற்கும். ஒன்று பொய்த்தால் இன்னொன்று வீட்டைக் காப்பாற்றும். 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தையைத் திறந்தார்கள். மலைநாட்டுக் கரட்டும் வடக்கின் சின்ன வெங்காயமும் அங்கே இறங்கி, நாடு முழுவதற்கும் லொறி ஏறத் தொடங்கின. 2011இல் ஊர் மாநகர சபையானது.

இந்தச் சந்தையால் பல வீடுகளுக்கு ஓடு ஏறியது. பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள். அதை மறுப்பது அநியாயம். ஆனால் சேனையின் கலப்பு போய்விட்டது. சந்தை கேட்கும் ஒரே பயிரை எல்லோரும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள், ஒரே நேரத்தில் அறுக்கிறார்கள். சிறுபோகத்துப் பெரிய வெங்காயம் ஆவணி, புரட்டாதியில் குவியும். மூட்டையோடு வந்த கமக்காரர், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். திரும்பக் கொண்டுபோனால் லொறிக்கூலியும் நட்டம், சரக்கும் அழுகும். அந்த வாரத்தில் இறக்குமதி வெங்காயத்துக்கு என்ன வரி என்பதோ கொழும்பில் முடிவாகிறது. 5,000 மெட்ரிக் தொன் கொள்ளும், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் களஞ்சியம் ஒன்று இந்திய உதவியோடு 2025 ஏப்ரலில்தான் தம்புள்ளையில் திறக்கப்பட்டது. சந்தை வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு! அதில் சிறு கமக்காரரின் மூட்டைக்கு எவ்வளவு இடம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள்.

இனி நிலம். வீதியோரக் காணி இப்போது ஏக்கரில் விலை பேசப்படுவதில்லை. ஓர் ஏக்கரை 160 பேர்ச்சஸாகக் கூறுபோட்டு விற்கிறார்கள். வயலை நிரப்பக் கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மேட்டுத் தோட்டத்துக்கு அந்தக் காவலும் இல்லை. உக்குவெல, ரத்தோட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள்: பலா, பாக்கு, கராம்பு, சாதிக்காய், இடையில் முள்முருங்கையில் ஏறிய மிளகு. அந்தத் தோட்டம் நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்து நான்கு வீடு எழும்பும்போது முதலில் வெட்டுப்படுவது மிளகு ஏறிய மரம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீடு வேண்டும்.

நம் கணக்குகளுக்கு இந்த மாற்றம் தெரிவதே இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் நகரவாசிகள் 18.2 சதவீதம். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வாழ்பவர்களை மட்டுமே நகரவாசிகளாக எண்ணுகிறார்கள். கலேவெல கடைவீதியில் வங்கியும் டியூட்டரியும் நிரம்பி வழிந்தாலும், பிரதேச சபைக்குள் இருப்பதால் ஏட்டில் அது கிராமம். வடிகாலையும் குப்பையையும் பிரதேச சபையின் வருமானத்திலேயே சமாளிக்க வேண்டும். சமாளிக்க முடியாதது வயல் வாய்க்காலில் இறங்குகிறது.

பெருந்தோட்ட லயங்களில் வாழும் மக்களின் நிலை இதையும்விடக் கசப்பானது. அவர்களில் பெரும்பாலோருக்கு விற்கவோ பிரிக்கவோ சொந்தமாக ஒரு பேர்ச்சஸ்கூட இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. பக்கத்தில் நகரம் வளர்ந்தபோது லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

நகரம் வரும், நீர்த்தேக்கமும் வரும். மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். களு கங்கைத் திட்டத்தில் பழைய லக்கல நகரமே நீருக்குள் போய், வேறிடத்தில் புதிய நகரம் கட்டப்பட்டது. ஊரே இடம் மாறும் காலம் இது. எந்த நிலம் எதற்கு என்று யார் தீர்மானிப்பது என்பதுதான் என் கேள்வி. விடையின் ஒரு பகுதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய குளங்களின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். தண்ணீர் எப்போது திறப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது, மாடுகளை எந்த நாளிலிருந்து கட்டிவைப்பது என்று கமக்காரர்கள் உத்தியோகத்தர் முன்னிலையில் வாதாடி முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்குச் சட்டப் பலம் உண்டு.

தண்ணீரைத் திறக்கும் தேதிக்கு ஊரின் சம்மதம் வேண்டுமென்றால், அந்தத் தண்ணீர் பாயும் வயலை மூடுவதற்கு ஏன் வேண்டாம்? வயலை நிரப்பக் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும், வீதியோரக் காணியைக் கூறுபோடும் ஒவ்வொரு வரைபடமும் அந்தக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். லயத்தில் வாழ்பவருக்கும் அங்கே இருக்கை வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் நினைத்தால் வாசித்துக் காட்டலாம். அந்த உத்தியோகத்தர் நீங்களாக இருப்பீர்கள்.

பெரும்போகத்துக்கான கூட்டங்கள் மழைக்கு முன்பே நடக்கும். நியமனக் கடிதம் வராவிட்டாலும் உங்கள் ஊருக்கு அருகே நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பேசாமல் போனவரின் வீட்டுக்கு மறுநாள் போய் விசாரியுங்கள்.