அண்டை வீட்டாரை விட்டுக் கொடுக்காத தெரு
(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஸ்காட்லாந்து நாட்டிலே கிளாஸ்கோ என்றொரு நகரம். கப்பல் கட்டும் தொழிலுக்குப் பேர் போன நகரம். அதன் தென்பகுதியில் போலக்ஷீல்ட்ஸ் என்னும் பேட்டை. அங்கே கென்மூர் தெரு என்று ஒரு தெரு. 2021-ம் ஆண்டு மே 13-ம் தேதி அந்தத் தெருவில் நடந்ததைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஆலையில் நூல் நூற்பவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் எங்கேயோ இருக்கிற தெருவைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அன்று காலை பிரிட்டிஷ் உள்நாட்டு இலாகாவின் குடியேற்ற அதிகாரிகள் வேனில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரைப் பிடித்து வேனுக்குள் அடைத்தார்கள். இருவரும் இந்தியர்கள். ஒருவர் சமையல் தொழிலாளி, மற்றவர் மெக்கானிக். சுமார் பத்தாண்டு காலம் அந்நாட்டில் வாழ்ந்தவர்கள். திருடினார்களா? யாரையாவது அடித்தார்களா? அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நாட்டில் தங்குவதற்கான அனுமதி பற்றிய விவகாரம், அவ்வளவுதான்.

அன்று ரம்ஜான் பெருநாள். முஸ்லிம் மக்கள் நிறைய வாழும் பேட்டை அது. பெருநாள் காலையில் பிடித்துக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்களோ என்னவோ!

ஆனால் வேன் நகரவில்லை. ஒரு மனிதர் வேனுக்கு அடியிலே புகுந்து படுத்துக்கொண்டார். டெலிபோன் மூலம் செய்தி பறந்தது. பத்துப் பேர் ஐம்பதானார்கள், ஐம்பது பேர் நூற்றுக்கணக்கானார்கள். வெள்ளைக்காரர், பாகிஸ்தானிலிருந்து வந்தவர், சீக்கியர், மாணவர், முதியவர் எல்லோரும் வேனைச் சுற்றி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தண்ணீரும் தின்பண்டமும் வந்தன. “இவர்கள் எங்கள் அண்டை வீட்டார், இவர்களை விடுங்கள்” என்ற கோஷம் தெருவெங்கும் முழங்கிற்று.

ஸ்காட்லாந்து போலீசார் பெரும் படையாக வந்து நின்றார்கள். கைது செய்தது அவர்கள் அல்ல. குடியேற்ற அதிகாரம் லண்டன் சர்க்காரின் கையில் இருக்கிறது. லண்டன் செய்த காரியத்துக்கு உள்ளூர் போலீஸ் காவல் நிற்க வேண்டியதாயிற்று. மணி ஓடிற்று. கூட்டம் கலையவில்லை, கல்லும் எறியவில்லை. வழக்கறிஞர் ஆமர் அன்வர் பேச்சு வார்த்தையில் இறங்கினார். சுமார் எட்டு மணி நேரம் கழித்து, மக்களின் பாதுகாப்பை முன்னிட்டு இருவரையும் விடுவிப்பதாகப் போலீஸ் அறிவித்தது. வேன் கதவு திறந்தது. இருவரும் மக்கள் வெள்ளத்தின் நடுவே நடந்து போனார்கள்.

தோழர்களே! இது திடீரென்று வானத்திலிருந்து குதித்த வீரமா? இல்லை. இதற்கு வேர் இருக்கிறது.

1915-ம் ஆண்டு. முதல் உலக யுத்த காலம். கிளாஸ்கோ தொழிற்சாலைகளில் யுத்த வேலைக்காக ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்களில் பலர் போர்முனையில். வீட்டிலிருந்த பெண்கள் என்ன செய்தார்கள்? கோவன் பகுதியில் மேரி பார்பர் என்னும் மாதரசியின் தலைமையில் கூடுதல் வாடகை தர மறுத்தார்கள். வீட்டைக் காலி செய்ய அமீனா வருகிறான் என்றால் காவலுக்கு நிற்கும் பெண் மணி அடிப்பாள். போட்டது போட்டபடி தாய்மார்கள் ஓடிவந்து படிக்கட்டை அடைத்துக்கொள்வார்கள். அமீனாவின் தலையில் மாவுப் பொட்டலம் விழும்! சுமார் 20,000 குடும்பங்கள் இப்போராட்டத்தில் சேர்ந்தன. நவம்பர் 17-ம் தேதி தொழிலாளர்கள் மீதான வாடகை வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

சட்டம் சட்டம்தானே, அதைத் தடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1915-ல் அமீனா கொண்டுவந்த காகிதமும் சட்டப்படியான காகிதம்தான். அந்தத் தாய்மார்கள் படிக்கட்டில் நின்றதால்தான் சட்டமே மாறிற்று.

ஆனால் கிளாஸ்கோ தொழிலாளி எப்போதும் இப்படியே இருந்தான் என்று சொன்னால் அது உண்மை ஆகாது. 1999-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, அடைக்கலம் தேடி வந்தவர்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கிளாஸ்கோவில் ஏழைகள் வாழ்ந்த பழைய அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். “நமக்கே வசதியில்லை, வந்தவனுக்கு மட்டும் சலுகையா?” என்ற பேச்சு கிளம்பிற்று. புகைச்சல் வளர்ந்தது. 2001-ல் சைட்ஹில் பகுதியில் அடைக்கலம் தேடி வந்த ஒரு குர்திஷ் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். ஏழை ஏழையை வெறுத்தால் முடிவு இதுதான்.

அதே ஊரில் நிலைமை எப்படி மாறிற்று? குழாயடியில், பள்ளி வாசலில், மாடிப்படியில் பழகிப் பழகி மாறிற்று. 2005-ம் ஆண்டில் விடியற்காலையில் கதவைத் தட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துப் போவது நடந்தது. டிரம்சேப்பல் பள்ளியில் 15 வயது மாணவி ஒருத்தியைக் குடும்பத்தோடு பிடித்தபோது, அவளுடைய தோழிகள் கிளர்ச்சி செய்தார்கள். பின்னர் அந்தக் குடும்பம் அங்கேயே தங்க அனுமதி பெற்றது. கிங்ஸ்வே அடுக்குமாடிகளிலோ ஸ்காட்லாந்துப் பெண்களே இருட்டோடு எழுந்து காவல் நின்றார்கள். வேன் வருவது தெரிந்தால் அகதிக் குடும்பங்களை எழுப்பித் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். 1915-ல் மணியடித்த அதே வேலை! கென்மூர் தெரு இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்.

இனி நம்முடைய விஷயத்துக்கு வருவோம். வெளியூர்க்காரன் வந்தால் நம் கூலி குறைகிறதே என்று நம்மில் பலர் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. அது பொய்யான கவலை அல்ல. ஆனால் கூலியைக் குறைப்பது யார்? வந்தவனா, கொடுப்பவனா? பிரிட்டனில் 2016-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். அனுமதி இல்லாதவன் வேலை செய்வதே குற்றம். அவன் வாங்கிய கூலியையும் பறிமுதல் செய்யலாம். அப்படிப்பட்டவன் சங்கத்தில் சேருவானா? ஓவர்டைம் கேட்பானா? முதலாளி ஒரு டெலிபோன் செய்தால் போதும், ஆள் காலி! அதே 2016-ல் லண்டனில் ஒரு பெரிய ஹோட்டல் கம்பெனியின் கடைகளில், தொழிலாளர்களைக் கூட்டம் என்று சொல்லி வரவழைத்த இடத்தில் குடியேற்ற அதிகாரிகள் நுழைந்தார்கள். 35 பேர் கைதானார்கள். அதுநாள் வரை அவர்கள் உழைப்பு இனித்தது.

பயந்தவனுக்குக் குறைந்த கூலி. அதைக் காட்டிப் பயமில்லாதவனுக்கும் கூலிக் குறைப்பு. இதுதான் கணக்கு. இதற்கு மாற்று வந்தவனை விரட்டுவது அல்ல. அவனுக்கும் உரிமை, அவனுக்கும் சம வேலைக்குச் சம கூலி என்று கேட்பதுதான்.

தமிழனுக்கு இது புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ரத்தம் சிந்தி உழைத்த நம் மக்களைக் “கள்ளத்தோணி” என்று ஏசவில்லையா? 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். கொழுந்து பறித்தவர்களை யாரும் கேட்கவில்லை. நம்மை அப்படி அழைத்தபோது வலித்தது. இன்று நம் ஆலைக்கும் வயலுக்கும் வடக்கேயிருந்து வரும் தொழிலாளியை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

கென்மூர் தெரு வெற்றியோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அன்று விடுதலையானது இரண்டு பேர். சட்டம் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டே, 2022-ல், அனுமதியின்றி வந்து சேருவதற்கே நான்காண்டு வரை சிறை என்று இன்னும் கடுமையாக்கினார்கள். ஆனால் அதே 2022-ம் ஆண்டு மே மாதம் எடின்பரோவிலும், ஜூன் மாதம் லண்டன் பெக்காமிலும் மக்கள் வேனைச் சூழ்ந்து நின்றார்கள். எடின்பரோவில் அதிகாரிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெக்காமில் பிடிபட்டவரை ஜாமீனில் விட்டார்கள். ஒரு தெருவின் பாடம் மற்றத் தெருக்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? நம் பக்கத்துக் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? அவனுக்கு என்ன கூலி கொடுக்கிறார்கள், அடையாளச் சீட்டை யார் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதுண்டா? இல்லையென்றால் இன்று மாலையே கேளுங்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். பெயர் தெரியாதவனுக்காக யாரும் தெருவில் உட்கார மாட்டார்கள். கென்மூர் தெரு மக்கள் உட்கார்ந்தது அண்டை வீட்டாருக்காக. முதலில் அண்டை வீட்டாராக ஆவோம்.