ஆதரவற்ற குழந்தைகளும் ஜமாஅத்தின் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கிராமப்புறத்தில் இயங்கும் குழந்தைகள் இல்லம் ஒன்றிற்கு நமது ஜமாஅத் துணைநிற்க வேண்டும் என்னும் கோரிக்கை இக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்டுள்ளது. பெற்றோரை இழந்தவர்களும், தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் அலைந்து மீட்கப்பட்டவர்களும் அங்கே வளர்கின்றனர். உதவ வேண்டும் என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. எவ்வாறு உதவுவது என்பதே சிந்திக்கத்தக்கது.

'யதீம்' என்னும் சொல் தந்தையை இழந்த சிறாரைக் குறிக்கும். தாய் உயிரோடு இருக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே தந்தையையும், ஆறாம் வயதில் தாயையும் இழந்தார்கள். அவர்களைப் பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பின் பெரிய தந்தையார் அபூதாலிபும் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தனர். எனவே, ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்க்குமுன் அதனை வளர்க்கத் தாயோ பாட்டியோ இருக்கின்றனரா என்று கேட்பது நம் முதற்கடமை. வறுமை மட்டுமே காரணமானால், உதவி அந்த வீட்டைச் சென்றடைய வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்கிறது. மிஷன் வத்சல்யா திட்டத்தில், வருமான வரம்பிற்கு உட்பட்டு, கைம்பெண்களின் குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதற்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ்களைத் திரட்டி, மனுவை நிரப்பித் தரும் பணியை நம் இளைஞர்கள் ஏற்கலாம்.

எவருமே இல்லாத குழந்தைகளுக்கு இல்லம் இன்றியமையாதது. அது சட்டப்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். ஆதரவற்றுத் திரியும் குழந்தையைக் கண்டால், நல்லெண்ணத்தோடாயினும் நாமே அழைத்துச் சென்று சேர்த்துவிடலாகாது. 1098 என்னும் எண்ணுக்கோ காவல் நிலையத்திற்கோ 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். குழந்தையை எங்கே ஒப்படைப்பது என்பதை விசாரித்து முடிவு செய்வது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. ஏனெனில், அந்தக் குழந்தையைத் தேடி எங்கோ ஒரு தாய் அழுதுகொண்டிருக்கலாம்.

அடுத்து, இல்லத்தின் தேவைகள். பெருநாள் அன்று பல வீடுகளிலிருந்து பிரியாணி வந்து குவிகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகத்திற்கு வழியிருப்பதில்லை. கிராமத்து இல்லத்திற்கு மேல்நிலைப் பள்ளியும் தொலைவு, மருத்துவமனையும் தொலைவு. பேருந்துச் செலவே பெருஞ்செலவு. பராமரிப்பாளருக்கு முறையான ஊதியம் இல்லையெனில் அவர் விலகிச் செல்வார். ஏற்கெனவே ஒருமுறை உறவை இழந்த பிள்ளை இன்னொருமுறை இழக்கும். ஆகவே, ஒருநாள் விருந்தைவிட மாதந்தோறும் தவறாது தரும் சிறு தொகையே மேலானது. மேலும், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து வெளியிடும் வழக்கம் நமக்கு வேண்டாம். அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது; அவர்களின் மானமும் நம்மைத் தடுக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்ததும் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்பு அளிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எனினும் தங்க ஓர் இடமும் கற்க ஒரு தொழிலும் கிடைத்தாலன்றி அது பயன் தராது. இங்கே கடை வைத்திருப்போரும் பட்டறை நடத்துவோரும் அமர்ந்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு பிள்ளைக்குத் தொழில் கற்றுக் கொடுக்க முன்வாருங்கள். ஐ.டி.ஐ. கட்டணத்தை ஒரு குடும்பம் ஏற்றாலும் ஒரு வாழ்வு நிமிரும்.

இறுதியாக ஒன்று. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் தொடக்கத்திலேயே அநாதைகளின் பொருளைக் குறித்து நம்மை எச்சரிக்கிறது. எனவே இதற்கென வசூலாகும் தொகைக்குத் தனிக் கணக்கு வைத்து, ஆண்டறிக்கையில் வரவு செலவை வெளியிடுமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களையும் செயல்களையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.