வாயடைக்கப்பட்ட தமிழ்

(தாம்பரத்தில் மாணவரிடையே ஆற்றிய உரை, ஏடு படிக்கும் தோழருக்காக எழுத்து வடிவில்)

தோழரே!

கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-ல். அந்த வண்டியில் நீர் ஒருமுறையேனும் சென்றிருப்பீர். கைக்கோலைத் தட்டியவாறு பெட்டிக்குப் பெட்டி ஏறி, கடலை மிட்டாய் விற்கும் பார்வையற்ற தோழர்களைக் கண்டிருப்பீர். இரக்கப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கியுமிருப்பீர். நான் பேச வந்தது அவர்களைப் பற்றியன்று. அதே வண்டியில், அதே கைக்கோலுடன், தோளிலே பையும் காதிலே ஒலிக்கருவியுமாய்க் கல்லூரிக்குச் செல்கிறாரே இளைஞர், அவரைப் பற்றி. அவர் கேட்பது இரக்கமன்று, பாடநூல்!

குரோம்பேட்டையில் ஏறி என்னருகே அமர்ந்தார் அத்தகைய ஒருவர். தமிழ் இலக்கியம் பயிலும் முதுகலை மாணவர். கைப்பேசியைத் தடவினார். ஆங்கிலச் செய்தியொன்றை அது தங்குதடையின்றிப் படித்துக் காட்டிற்று. அடுத்து, தம் கல்லூரியிலிருந்து வந்த தமிழ்ச் சுற்றறிக்கையைத் திறந்தார். "ஜே, கே, பி, ஓ" என்றது கருவி. "இது எந்த மொழி, தம்பி?" என்றேன். சிரித்துக்கொண்டே, "தமிழ்தான் அண்ணா" என்றார். ஆம் தோழரே, 'தமிழ்' என்னும் சொல்லைத்தான் அந்தக் கருவி அவ்விதம் படித்தது!

விந்தையாக இருக்கிறதா? விளக்குகிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்து. 'வணக்கம்' என்று நாம் காண்பது, உள்ளே டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி! முகத்திலே தமிழ்ச் சாயம், அகத்திலே அயல் எழுத்து. நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். வேடத்தின் பெருமையும் சிறுமையும் எனக்குத் தெரியும். கண்ணுள்ளவனுக்கு வேடம் போதும். காதால் படிப்பவனுக்கு உள்ளே இருப்பது எதுவோ, அதுதான் கேட்கும்.

மேடையின் பக்கத்திரைக்குப் பின்னே நின்று நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பாரே ஒருவர், திரைபடிக்கும் மென்பொருளின் வேலையும் அதுவே. அவர் கையில் வசனத்தாளைக் கொடுத்தால் படிப்பார். வசனத்தாளின் நிழற்படத்தைச் சட்டமிட்டுக் கொடுத்தால்? நம் கல்லூரிகளில் பாதி நாள் நடப்பது இதுதான். பாடக்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். மென்பொருளுக்கு அது எழுத்தன்று, வெறும் படம். அது மௌனம் சாதிக்கிறது.

கருவிக்குப் பஞ்சமா? இல்லை. விலைகொடுத்து வாங்க இயலாதோரின் நிலை கண்டு, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர், பட்டப்படிப்பை இடையில் நிறுத்தி வைத்து, 2006-ல் எழுதத் தொடங்கிய மென்பொருள் என்.வி.டி.ஏ. ஜேம்ஸ் டே என்னும் மற்றொரு பார்வையற்ற தோழர் அவருடன் சேர்ந்தார். இன்றும் அது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் படிக்கிறது. (கல்லூரியை இடையில் விட்டவன் நானும்தான். அவர் உலகுக்கு ஒரு குரல் கொடுத்தார். நான் மேடையில் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்!)

நெறிமுறைக்குப் பஞ்சமா? அதுவும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒழுங்கு கண்டது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டில், ஒருங்குறியைத் தரமாக ஏற்று அரசாணை பிறந்தது. ஒருங்குறியில் தமிழெழுத்து தமிழெழுத்தாகவே உள்ளும் புறமும் இருக்கும். ஆணை பிறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், பழைய எழுத்துருவை விட்டு விலக மனமில்லாத அலுவலகங்கள் எத்தனை! அச்சுக்கோப்பவரின் சுமை குறையவும் கற்போரின் தொல்லை தீரவும் 1935-லேயே எழுத்தைச் சீர்திருத்தியவர் பெரியார். அவர் வழிவந்தோம் என்று மார்தட்டும் நமக்கு, எழுத்துருவை மாற்ற ஒரு நாழிகை கிடைக்கவில்லையா?

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடம் தரச் சொல்கிறது. இடம் கிடைத்தது, மகிழ்ச்சி. பந்தியில் இடம் கொடுத்து, இலையும் போட்டு, சோற்றை மட்டும் படமாக வரைந்து காட்டினால் பசி தீருமா? நூல்களைப் பார்வையற்றோர்க்கேற்ற வடிவில் மாற்றுவது பதிப்புரிமைக் குற்றமாகாதென 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கங்கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகில் முதன்முதலாக உறுதி செய்த நாடு இந்தியா. 2024 நவம்பர் 8-ல், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாய் இருத்தல் ஆகாது, கட்டாயமாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30-ல், மின்னணு வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறிற்று.

மாணவர் நிலை இதுவென்றால், ஆசிரியர் நிலை? பார்வையற்ற பேராசிரியர் ஒருவர் மதிப்பெண்ணைப் பதிவேற்ற இணையப்பக்கம் திறக்கிறார். "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்கிறது கருவி. எது சேமிக்க, எது அழிக்க? பொத்தானுக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள்! அதையும் தாண்டினால், நெளிந்து வளைந்த எழுத்துப் படமொன்றைக் காட்டி, "நீ மனிதனென மெய்ப்பி" என்று கேட்கிறது பக்கம். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவரைப் பார்த்து!

இந்தி கட்டாயமாக வந்தபோது போராடிய இயக்கம் நம்முடையது. இங்கே கட்டாயப்படுத்துவோர் எவருமில்லை. ஆனால் அந்த வண்டி நண்பர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆங்கிலம் எடுத்திருந்தால் நானே படித்திருப்பேன் அண்ணா. தமிழ் எடுத்ததால் யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது." தாய்மொழியைத் தேர்ந்ததற்கு அவர் கட்டும் அபராதம் இது. அதை விதித்தது டெல்லி அன்று; நம் அலுவலகத்துத் தட்டச்சு மேசை.

தாம்பரம் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் அந்த நண்பர் தேடி வந்தார். தம் கைப்பேசியில் எதையோ திறந்து என் காதருகே வைத்தார். "டி, இசட், எஃப்..." என்றது அது. அன்றைய கூட்டத்திற்கு நம் தோழர்கள் அனுப்பிய அழைப்பிதழ்!

இரவோடிரவாக அதை ஒருங்குறியில் அடித்து அவருக்கு அனுப்பினேன். கூட்டம்தான் முடிந்திருந்தது.